நம் பிள்ளைகளின் விண்கலம் எங்கே?

2024 பொங்கலுக்கு ‘அயலான்’ வெளியானபோது எங்கள் வட்டத்து நண்பர்கள் நால்வர், வீட்டுப் பிள்ளைகள் ஆறு பேரை அழைத்துக்கொண்டு தஞ்சாவூரில் ஒரு திரையரங்குக்குப் போயிருந்தோம். பிள்ளைகள் படத்தை ரசித்தார்கள். அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். வேற்றுக்கிரகத்து உருவம் வாய் திறந்த இடங்களிலெல்லாம் சிரித்தார்கள், கைதட்டினார்கள். படம் முடிந்து பழைய பேருந்து நிலையத்துக்கு நடந்து வந்தபோது எங்களுள் ஒருவரின் மகள், நான்காம் வகுப்பு படித்தவள், கேட்டாள்: “அது நம்ம ஊருக்கு வந்துட்டுப் போயிடுச்சுல்ல, நம்ம ஆளுங்க யாரும் ஏன் அது ஊருக்குப் போகல?”

“அதுக்கு ரொம்பச் செலவாகும்மா” என்றார் ஒருவர். “நீ நல்லாப் படிச்சா ஒருநாள் போகலாம்” என்றார் மற்றொருவர். அவள் கேட்டது கதையைப் பற்றி. நாங்கள் சொன்னது பணத்தையும் மதிப்பெண்ணையும் பற்றி. அவள் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை.

அன்று சொல்லாமல் விட்ட பதிலைத்தான் இங்கே எழுத முயல்கிறோம். சற்றுக் கோபத்தோடுதான் எழுதுகிறோம். அக்கோபத்தில் ஒரு பங்கு எங்கள்மீதே என்பதால் வாசகர்கள் பொறுத்துக்கொள்வார்கள் என்று நம்புகிறோம்.

*

தமிழ்ச் சினிமா விண்வெளியை அறியாதது அல்ல. 2018இல் ‘டிக் டிக் டிக்’ இந்தியாவின் முதல் விண்வெளிப் படம் என்ற அடைமொழியோடு விளம்பரம் செய்யப்பட்டபோது, பழைய படங்கள் பார்க்கும் பழக்கமுள்ளவர்கள் தமக்குள் சிரித்துக்கொண்டிருப்பார்கள். 1963 ஏப்ரலிலேயே ஏ. காசிலிங்கம் இயக்கத்தில் ‘கலை அரசி’ வந்துவிட்டது. எம்.ஜி.ஆரும் பானுமதியும் நடித்த படம். வேற்றுக்கிரகத்தார் பறக்கும் கலத்தில் வந்து கதாநாயகியைக் கவர்ந்து செல்ல, வேளாண்மை பார்க்கும் கதாநாயகன் அக்கிரகத்துக்கே போய் அவளை மீட்கிறான். இந்தியில் தாரா சிங் சந்திரனுக்குப் போன ‘சாந்த் பர் சடாயீ’ 1967இல்தான் வந்தது. ஆக, இந்த விஷயத்தில் தமிழன் யாருக்கும் பின்தங்கியவன் அல்லன்.

ஆனால் ‘கலை அரசி’யின் அடிப்படைக் கற்பனையைக் கவனியுங்கள். அந்தக் கிரகத்தாரிடம் அறிவியல் இருக்கிறது, இசையும் கலையும் இல்லை. ஆகவே பூமிக்கு வந்து ஒரு பாடகியைத் தூக்கிப் போகிறார்கள். அவர்களுக்கு அறிவியல், நமக்குக் கலை என்ற இந்தப் பாகப்பிரிவினை தஞ்சாவூர்க்காரர்களான எங்களுக்கு மிகவும் பழக்கமானது, மிகவும் இனிப்பானது. திருவையாற்றில் உட்கார்ந்துகொண்டு உலகம் முழுவதையும் ஸ்வரஞானம் இல்லாத இடம் என்று எண்ணிக்கொள்ளும் சுகம் அது. படம் வெளிவந்த அதே ஆண்டு நவம்பர் 21 அன்று, கேரளக் கடற்கரையில் தும்பாவிலிருந்து இந்திய மண்ணின் முதல் ஆய்வு ராக்கெட் மேலே சென்றது. பாகப்பிரிவினை ஏழு மாதங்களிலேயே பொருளற்றுப் போய்விட்டது. எங்கள் மனத்தில் மட்டும் அது இன்னும் செல்லுபடியாகிறது.

அதற்குப் பின் நடந்ததைச் சுருக்கமாகப் பார்க்கலாம். ‘அஞ்சலி’யில் (1990) குழந்தைகள் விண்வெளிக்குப் போனார்கள், ஆனால் ஒரு பாட்டுக்குள், கனவாக. பாட்டு முடிந்ததும் இறங்கிவிட்டார்கள். ‘டிக் டிக் டிக்’கில் விண்கல் ஒன்று பூமியை நோக்கி வருகிறது, அதைத் தகர்க்க அணு ஏவுகணை ஒன்றை வேற்று நாட்டு விண்வெளி நிலையத்திலிருந்து திருடிவர வேண்டும், திருடத் தெரிந்த கதாநாயகன் மேலே போகிறான். அவனுக்கு ஒரு மகன் உண்டு. அந்தச் சிறுவனுக்குக் கதையில் என்ன வேலை? பணயமாக இருப்பது. அவனை வைத்துத்தான் தகப்பனை மிரட்டுகிறார்கள். ‘அயலா’னில் வேற்றுக்கிரகவாசி வருகிறது, வளர்ந்த கதாநாயகனோடு சேர்ந்து வில்லனை வெல்கிறது; பிள்ளைகள் கீழே நின்று வேடிக்கை பார்க்கிறார்கள், அரங்கிலும்.

இதைத்தான் நாங்கள் குற்றச்சாட்டாக வைக்கிறோம். ‘குடும்பத்தோடு பார்க்கலாம்’ என்ற சான்றிதழோடு வரும் நம் விண்வெளிப் படங்களில் குழந்தை பணயப்பொருள், அல்லது கண்ணீருக்கான கருவி, அல்லது டிக்கெட் விற்கும் உபாயம். பயணி அல்ல. தகப்பன் வானத்துக்குப் போவான். பிள்ளை பூமியில் கட்டிப்போடப்பட்டிருக்கும். பிள்ளைகள் தாங்களே கலமேறி, தாங்களே வழி தவறி, தாங்களே முடிவெடுத்துத் திரும்பிவரும் ஒரு முழுநீளப் படத்தை நம் திரையுலகம் அந்த நான்காம் வகுப்புக்காரியின் கையில் கொடுத்ததில்லை.

*

இதைச் சொன்னதும் வழக்கமாக வரும் முதல் சமாதானம் பணம். விண்வெளிப் படத்துக்குக் கோடிகள் வேண்டும், குழந்தைகள் படத்துக்கு வியாபாரம் இல்லை, யார் போடுவார்கள் என்பார்கள்.

இது வெறும் சப்பைக்கட்டு. 2014இல் நம் பிரதமரே மங்கள்யானை ‘கிராவிட்டி’ என்ற ஹாலிவுட் படத்தோடு ஒப்பிட்டு, அதைவிடக் குறைந்த செலவில் நாம் செவ்வாய்க்குப் போகிறோம் என்று பெருமைப்பட்டார். சுமார் 450 கோடி ரூபாய். அவ்வாண்டு செப்டம்பர் 24இல் கலம் செவ்வாயின் சுற்றுப்பாதையை அடைந்ததும், தேநீர்க் கடைதோறும் நாமும் அதைச் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தோம். உண்மையான செவ்வாய்க்கே சிக்கனமாகப் போகத் தெரிந்த நாட்டில், அட்டையிலும் வண்ணத்திலும் ஒரு செவ்வாயை உண்டாக்கச் செலவு அதிகம் என்பது விநோதமான வாதம் அல்லவா?

1973இல் சோவியத் நாட்டில் ரிச்சர்ட் விக்தரவ் ‘மாஸ்கோ – காசியோபியா’ என்ற படத்தை எடுத்தார். தொலைதூர விண்மீன் ஒன்றிலிருந்து சமிக்ஞை வருகிறது. போய்ச் சேரப் பல்லாண்டுகள் ஆகும். பெரியவர்கள் புறப்பட்டால் கிழவர்களாகித்தான் சேர்வார்கள். ஆகவே பதினான்கு வயதை ஒட்டிய பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்து அனுப்புகிறார்கள். எவ்வளவு எளிமையான, எவ்வளவு மறுக்கமுடியாத காரணம்! குழந்தைகள் ஏன் போக வேண்டும் என்ற கேள்விக்கு அப்படம் பெரியவர்களின் கருணையைப் பதிலாகச் சொல்லவில்லை. தூரத்தையும் ஆயுளையும் வைத்துக் கணக்காகச் சொன்னது. இந்தக் கணக்கைப் போடுவதற்குக் கோடிகள் தேவையில்லை.

சோவியத் நாடு பெரிய நாடு என்பீர்களானால், பக்கத்திலேயே வாருங்கள். சத்யஜித் ராய் 1967இல் ‘தி ஏலியன்’ என்ற திரைக்கதையை எழுதினார். வங்காளத்துக் கிராமமொன்றின் தாமரைக்குளத்தில் விண்கலம் இறங்குகிறது. நீருக்கு மேலே தெரியும் அதன் முனையைக் கோயில் என்று எண்ணி ஊரார் கும்பிடத் தொடங்குகிறார்கள். ஹாபா என்ற ஏழைச் சிறுவனோடு அந்த அயலுருவம் நட்புகொள்கிறது. ஹாலிவுட் நிறுவனத்தோடு நடந்த பேச்சு முறிந்து படம் கைகூடாமலே போயிற்று. ஆனாலும் நெல் விளையும் ஊரில், குளக்கரையில், கையில் காசில்லாத ஒரு பையனைக் கொண்டு விண்வெளிக் கதையைத் தொடங்கலாம் என்பது 1967இலேயே, ‘அயலான்’ வருவதற்கு வெகுகாலம் முன்பே, காகிதத்தில் நிரூபணமாகிவிட்டது. எங்கள் ஊர்களில் தாமரைக்குளத்துக்கா பஞ்சம்?

நம்மிடமும் முன்மாதிரி உண்டு. ‘காக்கா முட்டை’ (2015) இரண்டு சிறுவர்களுக்கும் ஒரு பீட்சாவுக்கும் இடையிலிருந்த தூரத்தை மட்டுமே வைத்துக்கொண்டு, ஒளியாண்டுக் கணக்கில் விரிந்த ஓர் உலகத்தைக் காட்டவில்லையா? அப்படத்தைப் பார்த்த பிறகும் பணத்தைக் காரணமாகச் சொல்பவர்களோடு நாங்கள் வாதிட விரும்பவில்லை.

*

இரண்டாவது சமாதானம் இன்னும் சுவையானது: விண்வெளிக்கதை நம் மண்ணுக்கு ஒட்டாது, அது மேற்கத்தியச் சரக்கு.

காவிரிப் படுகையில் பிறந்தவர்களிடம் இதைச் சொல்லத் தைரியம் வேண்டும். சூரியனுக்கு ஆடுதுறை பக்கம் சூரியனார்கோயில், சந்திரனுக்குத் திருவையாற்றுக்கு அருகே திங்களூர், செவ்வாய்க்கு வைத்தீஸ்வரன்கோயில், புதனுக்குத் திருவெண்காடு, வியாழனுக்கு ஆலங்குடி, வெள்ளிக்குக் கஞ்சனூர், சனிக்குத் திருநள்ளாறு, ராகுவுக்குத் திருநாகேஸ்வரம், கேதுவுக்குக் கீழப்பெரும்பள்ளம். உலகில் வேறெந்த நெல்வயல் பிரதேசத்தில் கிரகங்களுக்கு இப்படிக் கிராமமும் தபால் நிலையமும் வாய்த்திருக்கின்றன? கும்பகோணத்திலிருந்து ஒன்பது தலங்களையும் ஒரே நாளில் சுற்றிவரும் பேருந்தை அரசுப் போக்குவரத்துக் கழகம் 2024இல் தொடங்கியது. விடியற்காலையில் ஏறினால் இரவுக்குள் சூரிய மண்டலத்தை முடித்துவிட்டு வீட்டில் வந்து படுக்கலாம். எங்கள் பிள்ளைகள் ஜன்னலோரத்தில் உட்கார்ந்து சனிக்கும் வெள்ளிக்கும் போய்வந்தவர்கள். கிரகங்களுக்கிடையே பயணம் என்ற கருத்தை அவர்களுக்கு யாரும் புதிதாகக் கற்றுத்தர வேண்டியதில்லை.

இவ்வளவு வளமான கற்பனைக் களத்திலிருந்து பெரியவர்களாகிய நாம் இந்த நூற்றாண்டில் விளைவித்த விண்வெளிக்கதை என்ன? திருநள்ளாற்றுக்கு மேலே வரும்போது செயற்கைக்கோள்கள் மூன்று விநாடி நின்றுவிடுகின்றன, நாசாவே வியந்துபோயிற்று என்ற மின்னஞ்சல். பிறகு அதுவே குறுஞ்செய்தியாயிற்று, வாட்ஸ்அப்பாயிற்று. படித்தவர்கள்தாம் அதிகம் அனுப்பினார்கள். எங்கள் வட்டத்திலேயே ஒருவர் அனுப்பினார், பெயர் வேண்டாம்.

தாழ்ந்த சுற்றுப்பாதையில் செல்லும் செயற்கைக்கோள் விநாடிக்கு ஏறத்தாழ ஏழரைக் கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. அந்த ஓட்டம்தான் அதைக் கீழே விழாமல் வைத்திருக்கிறது. மூன்று விநாடி நின்றால் அது இருக்க வேண்டிய இடத்திலிருந்து இருபத்திரண்டு கிலோமீட்டருக்கு மேல் பின்தங்கிவிடும். அதன் பிறகு பழைய பாதையில் ஓடவும் இயலாது. ஓரிடத்தில் நிற்பதுபோல் தோன்றும் தொலைத்தொடர்புக் கோள்களோ பூமத்திய ரேகைக்கு நேர்மேலே, சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கின்றன. ஏறத்தாழ 11 பாகை வடக்கே இருக்கும் திருநள்ளாற்றின் தலைக்கு மேல் அவை வருவதே இல்லை. இதைப் பத்தாம் வகுப்புப் பாடத்தைக் கொண்டே விளக்கிவிடலாம்.

ஆனால் எங்கள் ஆதங்கம் அந்தக் கதை பொய் என்பதுகூட அல்ல. அது மோசமான கதை என்பதுதான். அதில் யாரும் எங்கும் போவதில்லை. வானத்தில் போய்க்கொண்டிருக்கும் ஒன்று நம் ஊருக்கு வந்ததும் நின்றுவிடுகிறது, அவ்வளவுதான். சனிபகவானை நம்புகிறவர்களுக்கும் அது பெருமை சேர்ப்பதில்லை. அவர்களது நம்பிக்கைக்கு நாசாவின் சான்றிதழ் எதற்கு? ஒரு சமூகம் தன் பிள்ளைகளுக்குப் பயணக் கதைகளைச் சொல்லாமல் விட்டால், அந்த வெற்றிடத்தில் இப்படிப்பட்ட வதந்திகள்தாம் குடியேறும். பிள்ளைகளுக்கு நல்ல விண்வெளிப் படம் வேண்டும் என்று நாங்கள் கேட்பதற்கு முதல் காரணம் இதுவே.

*

மூன்றாவது சமாதானம் சொல்பவர்கள் எங்களுக்கு நெருக்கமானவர்கள்; ஆகவே நிதானமாகப் பதில் சொல்ல வேண்டும். மேட்டூரில் ஜூன் 12 தண்ணீர் திறப்பார்களா என்று ஆண்டுதோறும் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டிருக்கும் விவசாயியின் பிள்ளைக்கு விண்வெளி என்ன கேடா என்று கேட்கிறார்கள். மீத்தேனுக்கும் நெடுவாசலுக்கும் போராடிய மண் இது. இங்கே யதார்த்தப் படம் வேண்டும், கனவுப் படம் வேண்டாம் என்கிறார்கள்.

1964 டிசம்பரில் புயல் வந்து தனுஷ்கோடியை அழித்தபோது கடல்மேல் அதைக் கண்காணிக்க இந்தியாவுக்குச் சொந்தமான செயற்கைக்கோள் ஒன்றுகூட இல்லை. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறியபோது, அது வரும் என்பதைப் பல நாட்களுக்கு முன்பே அறிந்திருந்தோம். தென்னையைக் காப்பாற்ற முடியவில்லை. பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கங்களில் தோப்பு தோப்பாகச் சாய்ந்தது. ஆனால் முகாமுக்குப் போன ஆயிரக்கணக்கானோரின் உயிர் தப்பியதற்கு மேலேயிருந்து பார்த்த ஒரு கண்ணும் காரணம். விண்வெளி எங்கள் விவசாயிக்கு ஆடம்பரம் அல்ல.

நெல்லுக்கும் விண்வெளிக்கும் உறவு நேரடியாகவே வந்துவிட்டது. 2022இல் சீன விண்வெளி நிலையத்தில் நெல்லை விதைத்து, முளைக்கவிட்டு, கதிர்விடச் செய்து, புதிய விதையையும் எடுத்தார்கள். ஆன காலம் 120 நாள். எங்கள் குறுவையின் வயதும் ஏறத்தாழ அதுதான். 2025இல் பன்னாட்டு விண்வெளி நிலையத்துக்குப் போன சுபான்ஷு சுக்லா அங்கே பச்சைப்பயறையும் வெந்தயத்தையும் முளைக்க வைத்தார். முளைப்பாரி போட்டுப் பழகிய எங்கள் வீட்டுப் பெண்பிள்ளைகளுக்கு இது அயல் சமாசாரமா? சூரியனார்கோயிலுக்குப் பக்கத்திலேயே, ஆடுதுறையில், 1922இல் தொடங்கிய நெல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. சூரியனும் நெல்லும் அருகருகே உட்கார்ந்திருக்கும் ஊரிலிருந்து ஒரு சிறுமி விதைநெல்லோடு கலமேறினாள் என்று தொடங்க ஏன் ஒருவருக்கும் தோன்றவில்லை? சந்திரயான்-2இன் தரையிறங்கியைச் சோதிக்க, நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டி, குன்னமலைப் பகுதிப் பாறைகளைப் பொடித்துத்தான் சந்திரனின் மண்ணைப் போன்ற மண்ணை உண்டாக்கினார்கள். காவிரி நாட்டு மண் நிலவின் மண்ணாக நடித்துவிட்டது. காவிரி நாட்டுப் பிள்ளைகளுக்குத்தான் இன்னும் வேஷம் கிடைக்கவில்லை.

யதார்த்தம் வேண்டும் என்பவர்களுக்கு உண்மை நிகழ்ச்சிகளையே தருகிறோம். 2017இல் கரூர் மாவட்டம் பள்ளப்பட்டியைச் சேர்ந்த இளைஞர் ஒருவரின் 64 கிராம் எடையுள்ள செயற்கைக்கோளை நாசாவின் ஆய்வு ராக்கெட் ஏந்திச் சென்றது. நாட்டின் 75 அரசுப் பள்ளிகளைச் சேர்ந்த 750 மாணவிகள், தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் அவர்களுள் அடக்கம், சேர்ந்து உருவாக்கிய ‘ஆசாதிசாட்’ 2022 ஆகஸ்ட் 7 அன்று ஏவப்பட்டது. ராக்கெட் மேலே போயிற்று. ஆனால் உரிய சுற்றுப்பாதையில் கோளைச் சேர்க்க முடியாமல் அது அழிந்தது. அந்த மாணவிகள் அன்று ஶ்ரீஹரிகோட்டாவிலிருந்து என்ன மனத்தோடு வீடு திரும்பியிருப்பார்கள்? அடுத்த கோளைச் செய்தார்கள். 2023 பிப்ரவரி 10 அன்று ‘ஆசாதிசாட்-2’ சரியாகப் போய்ச் சேர்ந்தது. விழுதல், அவமானம், ஆறு மாதக் காத்திருப்பு, மறுபடி எழுதல்: திரைக்கதை எழுதுகிறவர்கள் லட்சங்கள் வாங்கிக்கொண்டு தேடும் அத்தனையும் இதில் இருக்கிறது. நம் கதாநாயகர்களுக்கு அதில் வேடம் இல்லை என்பதைத் தவிர வேறு குறை இல்லை.

*

இனி எங்கள் மனத்தில் நெடுநாளாகக் கிடக்கும் ஒன்றைச் சொல்கிறோம்.

எங்கள் நாடு தட்டையானது. மலை இல்லை, குன்று இல்லை. ஏறி நின்று ஊரைப் பார்க்க உயரம் என்று ஒன்று இல்லை. இருக்கும் ஒரே உயரம் பெரிய கோயில் விமானம், அதிலும் ஏற விடமாட்டார்கள். கல்லணையில் தொடங்கி விசிறிபோல் விரிந்து கடலைத் தொடும் இந்தப் படுகையின் வடிவத்தை இதில் பிறந்து, உழுது, செத்தவர்களில் ஒருவர்கூடக் கண்ணால் முழுதாகப் பார்த்ததில்லை. வானத்திலிருந்து மட்டுமே அதைப் பார்க்க முடியும். ஆகவே எங்கள் பிள்ளைகளுக்கு விண்வெளிப் பயணம் என்பது ஊரைவிட்டு ஓடுவது அல்ல, ஊரை முதன்முதலாகப் பார்ப்பது. சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் வளைகுடாவுக்கும் பிள்ளைகளை அனுப்பிவிட்டுப் பொங்கலுக்குக் காத்திருக்கும் ஊர்களுக்கு, போவதும் திரும்புவதுமான ஒரு கதை எவ்வளவு தேவை என்பதை நாங்கள் விளக்க வேண்டியதில்லை.

ஆனால் இங்கே ஓர் எச்சரிக்கை. மேலேயிருந்து பார்த்தால் பூமியில் எல்லைக்கோடுகள் தெரியாது, எல்லாரும் ஒன்று என்பது விண்வெளிப் படங்களின் வழக்கமான வசனம். எங்கள் படுகையைப் பொறுத்தவரை அது பொய். 2019இல் ஏவப்பட்ட கார்டோசாட்-3 தரையில் கால் மீட்டர் அளவுள்ளதையும் பிரித்துக்காட்ட வல்லது. அந்தக் கண்ணுக்கு எல்லாம் தெரியும்: இங்கே ஊர், அங்கே சேரி, நடுவில் வயல். சுடுகாடு இரண்டு. பாதை இரண்டு.

1968 டிசம்பர் 24 அன்று அப்பல்லோ 8இல் நிலவைச் சுற்றிக்கொண்டிருந்த மூவரில் ஒருவர், நிலவின் விளிம்புக்கு மேலே நீலமாய் எழும் பூமியைப் படமெடுத்தார். மனிதகுலம் தன்னைத் தானே பார்த்துக்கொண்ட படம் என்று அதைச் சொல்வார்கள். மறுநாள் இரவு, நாகப்பட்டினத்துக்கு அருகே கீழ்வெண்மணியில், நெல் கூலியை உயர்த்திக் கேட்ட விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் ஒரு குடிசைக்குள் எரிக்கப்பட்டார்கள். பெண்கள், குழந்தைகள். அப்பல்லோ 8 அப்போது திரும்பும் வழியில் இருந்தது.

ஆகவே எங்கள் படத்தில் கலமேறும் பிள்ளை யார் வீட்டுப் பிள்ளை என்பது சில்லறைக் கேள்வி அல்ல. எங்களுக்கு வேண்டியது பச்சை வயலைப் பின்னணியில் நிறுத்தி, கண்மணிகளுக்கு வெள்ளி உடை மாட்டிவிடும் படம் அல்ல. எந்தத் தெருவுக்குள் போகக்கூடாது என்று கீழே சொல்லி வளர்க்கப்பட்டாளோ, அந்தத் தெருவையும் தன் தெருவையும் ஒரே ஜன்னல் வழியே பார்க்கும் ஒரு சிறுமி வேண்டும். அவள் கோடுகள் தெரியவில்லை என்று பொய் சொல்லக்கூடாது. தெரிகிறது என்று சொல்ல வேண்டும். சொல்லிவிட்டு இறங்கி வர வேண்டும். இறங்கியபின் அவளை ஊர் என்ன செய்யும், அவள் ஊரை என்ன செய்வாள் என்பதுதான் படம். இதைவிட யதார்த்தமான கதையை யதார்த்தவாதிகள் எங்களுக்குக் காட்டட்டும்.

*

கடைசியாக, எங்கள் பங்குக்கு வருகிறோம். சினிமாக்காரர்களை வைவது எளிது. அவர்களுக்குக் கதை கொடுக்க வேண்டியவர்கள் என்ன செய்தோம்?

கு.ப.ரா., ந. பிச்சமூர்த்தி, மௌனி, தி. ஜானகிராமன், எம்.வி. வெங்கட்ராம், கரிச்சான் குஞ்சு என்று பட்டியல் போட்டு மார்தட்டும் பிரதேசம் இது. அவர்களைக் குறைசொல்லும் தகுதி எங்களுக்கு இல்லை. ஆனால் அவர்களைப் படித்து வளர்ந்த நாங்கள், சிற்றிதழ்ப் பக்கங்களில் குழந்தை இலக்கியத்தையும் அறிவியல் புனைவையும் எந்த வரிசையில் உட்கார வைத்தோம்? காவிரிக்கரையில், ஶ்ரீரங்கத்தில் வளர்ந்த சுஜாதா அறிவியல் புனைகதையைத் தமிழ் வாசகரின் வீட்டுக்குள் கொண்டுசேர்த்தார். நாங்கள் அதை வெகுஜனச் சரக்கு என்று ஒதுக்கிவிட்டு, ரகசியமாகப் படித்தோம். பெ.நா. அப்புசாமி வாழ்நாள் முழுவதும் தமிழில் அறிவியல் எழுதினார். எங்கள் இலக்கியக் கூட்டங்களில் அவர் பெயரை யாராவது உச்சரித்தது நினைவில்லை. நியூ செஞ்சுரி புத்தக நிலையத்தில் மலிவு விலைக்குக் கிடைத்த சோவியத் சிறுவர் நூல்களைப் பற்றி நெஞ்சுருக எழுதுகிறோம். நம் பிள்ளைகள் நெஞ்சுருகி எழுதுவதற்கு ஒரு நூலையும் நாம் எழுதிவைக்கவில்லை.

ராய் ‘தி ஏலியன்’ எழுதியதற்குப் பின்னால் ஒரு சிறுவர் பத்திரிகை இருந்தது. தம் பாட்டனார் தொடங்கிய ‘சந்தேஷ்’ இதழை 1961இல் அவர் மீண்டும் உயிர்ப்பித்தார். அதில் பிள்ளைகளுக்காக எழுதிய ‘பாங்குபாபுர் பந்து’ என்ற கதைதான் அத்திரைக்கதைக்கு வித்து. உலகமே கொண்டாடும் இயக்குநர் ஒருவர் பத்து வயதுப் பிள்ளைக்குக் கதை எழுத உட்கார்ந்தார், அது தம் கௌரவத்துக்குக் குறைவு என்று எண்ணவில்லை. நாங்கள் எண்ணினோம். வித்து போடாதவர்கள் விளையவில்லையே என்று புலம்புகிறோம்.

எனவே கோரிக்கை சினிமாவுக்கு மட்டும் அல்ல. 2024 பிப்ரவரி 28 அன்று குலசேகரப்பட்டினத்தில் நாட்டின் இரண்டாவது ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். அது முழுமையாக இயங்கத் தொடங்கும் நாளில், தமிழ்நாட்டுக் கரையிலிருந்தே கோள்கள் மேலேறும். அன்று அதைப் பார்க்கும் பிள்ளைக்கு ஏற்கெனவே மனத்தில் ஒரு தமிழ்க் கதை இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அது வெறும் புகைக்கோடு.

படமெடுக்கப் பணம் இல்லாதவர்கள் கதை எழுதலாம். எங்கள் பக்கங்களை அதற்காகத் திறந்து வைக்கிறோம்; வருவனவற்றைப் பிள்ளைகளிடமே முதலில் படிக்கக் கொடுப்போம், அவர்கள் வேண்டாம் என்றால் வெளியிட மாட்டோம். கலமேறுபவர்கள் பிள்ளைகளாக இருக்க வேண்டும். அவர்களைக் காப்பாற்ற எந்த மாமாவும் சித்தப்பாவும் இரண்டாம் பாதியில் பறந்து வரக்கூடாது. புறப்படும் இடம் பாபநாசமோ திருத்துறைப்பூண்டியோ, பெயரும் தெருவும் உள்ள ஓர் ஊராக இருக்க வேண்டும். முடிவில் அவர்கள் அங்கேயே திரும்பி இறங்க வேண்டும்.

“நம்ம ஆளுங்க யாரும் ஏன் போகல?” என்று கேட்டவளுக்கு இப்போது பதில் சொல்கிறோம். அனுப்ப வேண்டியவர்கள் நாங்கள்தாம். நாங்கள் அனுப்பவில்லை.